அட்டை வரும்வரை நம் பணம் யார் கணக்கில்?



அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. ஊழியர் சேமலாப நிதிப் பணமும் அப்படித்தான். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகளும் அனுப்பும் காசுக்கும் ஒரு கணக்கு இலக்கம் வேண்டியிருக்கிறது. ஆனால் அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் வங்கிப் படியேறி வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் தேசிய அடையாள அட்டை இல்லை.

வங்கியில் இருக்கும் பிள்ளையைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. 2006ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டமும் அதன் கீழ் 2016இல் வந்த விதிகளும் வங்கியைக் கட்டிப்போட்டிருக்கின்றன. கணக்குத் திறப்பவர் யார் என்பதைப் புகைப்படம் உள்ள பத்திரத்தைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் என்பவை உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கள்ளப் பணத்தையும் பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தையும் தடுக்க வந்த சட்டம் இது. அதற்கு நாங்கள் விரோதமில்லை. ஆனால் கொழுந்தெடுத்து வாழ்ந்த ஒரு அம்மாவின் சேமலாபப் பணம் எந்த வகையில் கள்ளப் பணம் என்பதை யாராவது எங்களுக்கு விளங்கப்படுத்தினால் நல்லது.

கணக்கு இல்லாதவர் என்ன செய்கிறார்? மருமகன் கணக்கில் போடச் சொல்கிறார். இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராக்காரர், கடை முதலாளி. எங்கள் அலுவலகத்துக்கு வரும் முறைப்பாடுகளில் மனதுக்கு மிகக் கஷ்டமானவை இவைதான். மருமகன் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பெயரில் கடன் நிலுவை இருந்தால் வங்கி அந்தக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். அவர் திடீரென்று இறந்துபோனால் பணம் அவருடைய வாரிசுகளுக்குரியதாகிவிடும். "இது என் காசு" என்று மாமியார் சொன்னால், காகிதத்தில் அப்படி இல்லையே என்பதுதான் பதில். முப்பது வருசம் மழையிலும் பனியிலும் நின்று சேர்த்த பணம், கேட்டு வாங்க வேண்டிய பணமாக மாறுகிறது. வாய்ப்பேச்சை நம்பி வரும் வழக்கில் சங்கம் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

மறுபக்கமும் உண்டு. தெரியாதவருக்காகத் தன் கணக்கை இரவல் கொடுக்கும் இளைஞர்கள், அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போனால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாங்களே என்பதை மறக்கக் கூடாது.

சரி, அட்டை ஏன் இல்லை? சோம்பேறித்தனம் என்று அலுவலகங்களில் சொல்வார்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலை எண்ணிப் பங்குபோட்டது. 1968ஆம் ஆண்டு ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் அட்டை வழங்கத் தொடங்கியபோது பிரசாவுரிமை இல்லாத குடும்பங்கள் எத்தனை! பழைய அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்து 'வீ' என்றால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த எக்ஸ் எழுத்து என்ன பாடு படுத்தியது என்று சொல்வார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தோருக்கும் பிரசாவுரிமை கொடுத்தது. உரிமை வந்தது. லயத்துப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய காகிதங்கள் அதோடு சேர்ந்து வரவில்லை.

இன்றைய பிள்ளைகளின் கதை வேறு. 15 வயது பூர்த்தியானதும் பாடசாலை அதிபர் மூலம் விண்ணப்பிக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு அட்டை தேவை என்பதால் அதிபரே துரத்திப் பிடித்து விண்ணப்பத்தை நிரப்ப வைப்பார். தரம் எட்டோடு நின்று கொழும்புக்குப் போன பிள்ளையை யார் துரத்திப் பிடிப்பது? அந்தப் பிள்ளை 25 வயதில் ஊருக்குத் திரும்பும்போது கைப்பேசி இருக்கும், அட்டை இருக்காது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலையிடி பெயர். செக்ரோலில் ராசம்மா. பிறப்புப் பதிவில் சிங்களத்தில் ராஜம்மா. சேமலாப நிதிப் பதிவில் ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றொன்றில் காணவே இல்லை. எழுதியவர் யாரோ, அலைகிறவர் நாம். அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளைப் பிரதேச செயலகங்கள் 1999 முதல் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். அங்கே தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழில் பதில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. படிவத்தைக் கையில் தந்தவுடன் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இனி, அட்டை இல்லாதவர் எங்கிருந்து தொடங்குவது? முதலில் வீட்டில் தேடுங்கள். வெளிநாடு போய் வந்த பெண்களில் சிலரிடம் காலாவதியாகாத கடவுச்சீட்டு இருக்கிறது. அது போதும் என்பது தெரியாமல் அலைகிறார்கள். அட்டை தொலைந்தவர் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு இணைப் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பே பதியப்படாதவர் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தேடுதல் செய்து, பதிவு இல்லை என்ற பெறுபேற்றை எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் காலங்கடந்த பதிவோ உத்தேச வயதுச் சான்றிதழோ. பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எதையும் வீசிவிடாதீர்கள். தோட்டத்தில் வசிப்பவரின் அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் அத்தாட்சிப்படுத்தலாம். ஓய்வுபெற்றவர், பேர் பதியாதவர் என்று சொல்லி எந்தத் துரையாவது தட்டிக்கழித்தால் எங்களுக்கு அறிவியுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயத்தோடு சேர்ந்து பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. பிழைத்தவர்கள் உடுத்த துணியோடு நின்றார்கள். நம் மலைகளில் அது இன்னொரு முறை நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாப் பத்திரங்களுக்கும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து முடிக்க மாதங்கள் ஆகும். வங்கிக்கு இன்னொரு பயணம் என்றால் இன்னொரு நாள் பேர் போகும். அதுவரை அந்தக் குடும்பத்தின் பணம் எங்கே இருப்பது? இதற்கு வழியே இல்லை என்று சொல்லப்படுவதை நாங்கள் ஏற்கவில்லை. பக்கத்தில் இந்தியாவில் 2010 முதல் 'சிறு கணக்கு' என்று ஒன்று உண்டு. பத்திரம் இல்லாதவர் ஒரு புகைப்படத்தோடு போய், வங்கி அதிகாரியின் முன்னால் கையொப்பமோ கைநாட்டோ வைத்துக் கணக்குத் திறக்கலாம். மீதி 50,000 இந்திய ரூபாவைத் தாண்டக் கூடாது. வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் வரவு வைக்கக் கூடாது, மாதத்துக்கு 10,000க்கு மேல் எடுக்கக் கூடாது. 12 மாதம் செல்லும். அதற்குள் அடையாளப் பத்திரத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம். ஒப்பந்தத்தால் அங்கே அனுப்பப்பட்ட நம் சொந்தக்காரர்கள் நீலகிரியில் இப்படி ஒரு கணக்கைத் திறக்கலாம். இங்கே தங்கிய நமக்கு ஏன் முடியாது?

எனவே மத்திய வங்கியிடம் எமது கோரிக்கை இது: அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டும், புகைப்படமும், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியும் வைத்திருப்பவருக்கு வரையறுக்கப்பட்ட ஒரு கணக்கை அனுமதியுங்கள். ஆட்பதிவுத் திணைக்களத்திடமும் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடமும் கேட்பது, வங்கிகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே நடமாடும் சேவையாக வாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்.

கோரிக்கை வைக்க ஆதாரம் வேண்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிமாரும் தங்கள் தோட்டத்தில் அட்டை இல்லாதவர்களின் பெயர், வயது, என்ன பத்திரம் குறைகிறது என்பதை டிவிசன் வாரியாக எழுதி அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓய்வுபெற்று லயத்தில் இருப்பவர்களையும், கொழும்பில் நிற்கும் பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டாம்.