ஊசியும் "ஜாதிப் புத்தி"யும்

குழந்தைகளுக்கு நோய்த்தடுப்பு ஊசி போடும் விஷயத்தில் ஒரு நாட்டுக்கும் மற்றொரு நாட்டுக்கும், ஒரு வகுப்பாருக்கும் மற்றொரு வகுப்பாருக்கும் வித்தியாசம் இருந்து வருவது வாஸ்தவம். காரணம் கேட்டால் படித்த கனவான்கள் பலர், "அது அந்த ஜனங்களின் ஜாதிப் புத்தி, அவர்கள் மதம் அப்படி" என்று சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போய்விடுகிறார்கள். நாம் கணக்கைப் பார்ப்போம்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2005-06ல் போடவேண்டிய ஊசியும் சொட்டு மருந்தும் முழுதும் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் 100க்கு 81, ஒடிசாவில் 52. அன்று கேட்டிருந்தால், "ஜகந்நாதர் தேர் இழுக்கும் மூடபக்தர்கள் தானே!" என்றிருப்பார்கள். 2015-16ல் ஒடிசா 79க்கு ஏறிற்று. தமிழ்நாடோ 70க்கு இறங்கிற்று. 2019-21ல் ஒடிசா 90க்கு மேல், தமிழ்நாடு 89. இதற்குள் ஒடிசாக்காரர் ஜாதியை விட்டுவிட்டார்களா? ஜகந்நாதர் தேர் நின்றுபோயிற்றா? அல்லது தமிழனுக்குத்தான் நடுவில் புத்தி கெட்டுப் பிறகு தெளிந்ததா?

தமிழ்நாட்டில் நடந்த சங்கதி வேறு. 2008ல் திருவள்ளூர் ஜில்லாவில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. அதன்மேல் சர்க்கார், நர்சு கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, தாய்மாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச்சொல்லிற்று. ஜாக்கிரதைக்காகச் செய்ததுதான். ஆனால் அன்றாடக் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, கைக்குழந்தையோடு போகிறவளுக்கு அது என்ன சுலபமா? இறக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவரவில்லை. ஜாதிப் புத்தி என்பவர்கள் இதை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்றுதான் கேட்கின்றோம்.

இனி முஸ்லிம்கள் விஷயம். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு ஜில்லாக்களில் முஸ்லிம் குடும்பங்கள் பல போலியோ சொட்டு மருந்தை மறுத்தன. மலடாக்கும் மருந்து என்று வதந்தி. வதந்தி சுத்தப் பொய். ஆனால் 1975-77 நெருக்கடி காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டாயக் கருத்தடை செய்தது பொய்யா? காய்ச்சலுக்கும் பேதிக்கும் எட்டிப் பாராத சர்க்கார் சொட்டு மருந்துக்கு மட்டும் ஓயாமல் கதவைத் தட்டினால் ஏழைக்குச் சந்தேகம் வராதா? பிறகு அந்தந்தத் தெருப் பெண்களையே வைத்து வீடு வீடாய்ப் பேசினார்கள். மௌல்விகளையும் சொல்லச் செய்தார்கள். மௌல்வி சொன்னால்தான் மருந்து என்பது நமக்குச் சந்தோஷமான காரியமல்ல. என்றாலும் பிள்ளையின் கால் தப்பிற்று. இயற்கைப் போலியோக் கிருமியால் இந்தியாவில் நோய்கண்ட கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில், ஹௌரா ஜில்லாவில். மதம் அப்படியே இருக்க, மருந்து உள்ளே போயிற்று.

மூடநம்பிக்கையே தடை இல்லை என்பதல்ல நமது கட்சி. வைசூரியை மாரியாத்தாள் என்று கும்பிட்டுக் கொள்ளைகொள்ளையாய்ச் செத்த நாடு இது. அம்மை குத்தித்தான் 1975ல் அது இந்தியாவைவிட்டு ஒழிந்தது. உலகத்தைவிட்டே ஒழிந்ததாக 1980ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆத்தாளுக்கு வேலை போய்விட்டது; பூசாரிக்குத்தான் போகவில்லை! ஆனால் இன்று ஆடியில் கூழ் ஊற்றுகிறவளே பிள்ளைக்கு ஊசியும் போட்டுக்கொள்ளுகிறாள் என்பதை மறைப்பது யோக்கியமாகாது.

ஆகவே கிராமத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். "இந்தச் சேரிக்காரர் ஊசிக்கு வருவதில்லை" என்று எவரேனும் சொன்னால், நர்சு அங்கே எத்தனை தடவை வந்தார், எந்த வேளையில் வந்தார், அப்போது தாய்மார் நடவுக்குப் போயிருந்தார்களா என்று விசாரித்து, அதை எழுதி மாவட்ட சுகாதார அதிகாரிக்கு அனுப்புங்கள். நகல் ஒன்று நமக்கும் வரட்டும்.