மழைக் கணக்கைப் பாராத வனத் திட்டம்!

சாட்சியத்தைப் பாராது தீர்ப்பெழுதும் நீதவானை நாடு பொறுக்குமா? பொறுக்காது. ஆயின், இந்நாட்டு வனசீவராசிகளைப் பற்றிய திட்டங்களோ மழையினதும் குளத்தினதும் சாட்சியத்தைக் கேளாமலே வரையப்பட்டு வருகின்றன. அதற்குரிய தண்டனையை அனுபவிப்போர் திட்டம் வரைந்தோரல்லர், கமக்காரரும் யானைகளுமேயாவர். 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 450க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனித உயிர்கள் பறிபோயின.

யானை வர்த்தமானி படிப்பதில்லை. புல்லும் நீரும் உள்ள இடம் நோக்கியே அது நடக்கின்றது. உலர் வலயத்திற்கு வடகீழ்ப் பருவமழையே பெரும்பங்கு நீரைத் தருகின்றது. கோடையில் காட்டு மடுக்கள் வற்றும்; பெருங்குளங்களின் நீர் இறங்கும்; இறங்கிய படுக்கையிற் புல் தளிர்க்கும். மின்னேரியாக் குளத்தில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது இதனாலேயே. மொரகஹகந்த நீர்த்தேக்கம் எழுந்தபின், கோடையிலும் மின்னேரியாவில் நீர் உயர்ந்து நின்ற ஆண்டுகளில் அப்புல்வெளி மூழ்கிற்று. யானைகள் இரைதேடிக் கலைந்தன.

"புல்லுக்காகக் கமக்காரனின் நீரை மறுப்பதா?" எனச் சிலர் கேட்பர். நாம் அவ்வாறு கூறவில்லை. நீரை எப்பொழுது, எவ்வளவு திறப்பது என்பதை மழைக் கணக்கோடும் யானைகளின் நடமாட்டத்தோடும் சேர்த்து முடிவுசெய்க என்றே கூறுகின்றோம். கலைந்த யானை இறங்குவதும் அதே கமக்காரனின் வயலில் அன்றோ?

2020இல் ஜனாதிபதி நியமித்த குழு, யானைகளை விரட்டிக் காட்டுக்குள் அடைக்கும் முறை பயன் தராதென்றும், கிராமத்தையும் வயலையும் சுற்றியே மின்வேலி வேண்டுமென்றும், வயல் வேலி பயிர்க்காலத்தில் மாத்திரம் நிற்கவேண்டுமென்றும் எடுத்துரைத்தது. பயிர்க்காலத்தை நிர்ணயிப்பது எது? மழையே! மழை பிந்தினால் விதைப்பும் பிந்தும்; வேலியும் அதற்கேற்ப எழவேண்டும். காலநிலை மாறிவரும் இந்நாளில், பழைய நாட்காட்டியை நம்பி வேலி போடுவது பேதைமை.

வடக்கில் மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசிய பூங்காக்களாயின. அங்கும் எல்லைக்கல் நாட்டியதோடு கடமை முடிந்துவிடவில்லை.

எமது கோரிக்கை எளிது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைப் பதிவும், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் குளமட்டப் பதிவும் மாதந்தோறும் வனசீவராசிகள் திணைக்களத்தின் மேசைக்கு வரவேண்டும். அவற்றை ஆராயாது வேலியோ, பூங்கா எல்லையோ, நீர்த்தேக்கமோ அனுமதிக்கப்படலாகாதெனச் சட்டம் விதிக்கவேண்டும். அப்பதிவுகள் தமிழிலும் பிரதேச செயலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்.

பொறியியலாளரே, வழக்கறிஞரே, இக்கணக்கைக் கேளுங்கள்! கமக்காரரே, உங்கள் அமைப்புக் கூட்டங்களில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள்! அடுத்த பெரும்போகத்திற்கு முன் பதில் வரவேண்டும்.