மணல் மேட்டை விக்காதீங்க: வேதாரண்யத்திலிருந்து ஒரு வேண்டுகோள்

போன சித்திரையில் சென்னையிலிருந்து தெரிஞ்சவர் ஒருத்தர் குடும்பத்தோட வந்திருந்தார். பொன்னியின் செல்வன் படம் பார்த்ததிலிருந்து பிள்ளைகளுக்குப் பூங்குழலி ஊரைப் பார்க்கணுமாம். கோடியக்கரை போற வழியில் எங்க கொல்லையில் இறங்கினாங்க. நல்ல வெயில். கேணியில் ஒரு சொம்பு தண்ணி மொண்டு கொடுத்தேன். சின்னப் பையன் குடிச்சுட்டுக் கேட்டான்: "பெரியப்பா, கடல் இவ்வளவு பக்கத்துல இருக்கு, இது ஏன் உப்பு கரிக்கல?"

வெளியூர்க்காரங்க எங்ககிட்ட கேக்குற கேள்வி எல்லாம் எனக்கு மனப்பாடம். கோடியக்கரையில் மான் தெரியுமா, பூநாரை எந்த மாசம் வரும், ராஜாஜி உப்பு எடுத்த இடம் எது, நல்ல ஓட்டல் எங்கே இருக்கு. இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அவனைக் கூட்டிக்கிட்டு இருநூறு அடி தள்ளி இருக்கிற இன்னொரு கேணிக்குப் போனேன். "இதையும் ருசி பாரு"ன்னேன். வாயில் வச்ச உடனே துப்பிட்டான். ரெண்டும் எங்க கேணிதான். ரெண்டாவது ஏன் கெட்டுச்சுங்கிறதை கடைசியில் சொல்றேன். அது என் தப்பு.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்க. சென்னையிலிருந்து நேரா தெற்கே வர்ற கரை, ஓர் இடத்தில் மூக்கு மாதிரி முடிஞ்சு சட்டுன்னு மேற்கே திரும்பும். அந்த மூக்கு நுனி கோடியக்கரை. அதுக்குக் கொஞ்சம் மேலே வேதாரண்யம். பழைய பேர் திருமறைக்காடு. திருவிளையாடற் புராணம் பாடின பரஞ்சோதி முனிவர் இந்த ஊர்க்காரர். கோயில் கதை உங்களில் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். வேதங்கள் பூட்டிட்டுப் போன கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார். திறக்கத்தான் நேரமாச்சாம், மூடுறது உடனே நடந்துடுச்சாம். அப்பருக்கே அதில் வருத்தம்னு சொல்வாங்க. எங்க ஊர் ரயிலுக்கும் அதே கதைதான். மீட்டர் கேஜ் வண்டியை ஒரு நாள் நிறுத்தினாங்க. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு மறுபடி ரயில் வர 2023 ஏப்ரல் ஆச்சு.

1930 கதையைச் சொல்லாம வேதாரண்யத்தைச் சொல்ல முடியாது. காந்தி தண்டிக்கு நடந்த மாதிரி இங்கே ராஜாஜி திருச்சியிலிருந்து ஏப்ரல் 13-ஆம் தேதி சுமார் நூறு பேரோட கிளம்பினார். ஏறக்குறைய 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், நடந்து வர்றவங்களுக்குச் சோறு போட்டாலும் திண்ணையில் இடம் கொடுத்தாலும் ஜெயில்னு உத்தரவு போட்டிருந்தார். சோத்துப் பொட்டலத்தை ரோட்டோர மரத்தில் கட்டித் தொங்கவிட்டுட்டு ஜனங்க ஒதுங்கிக்கிட்டாங்க. மரம் சோறு போட்டா எந்தச் சட்டத்தில் பிடிப்பான்? கூட்டம் ஏப்ரல் 28-ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தது. 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு எடுத்தாங்க. ராஜாஜி கைதானார். அவங்களுக்கு ஊரில் எல்லா ஏற்பாடும் செஞ்சவர் வேதரத்தினம் பிள்ளை. அதுக்காக சொத்தையும் இழந்தார். பின்னாளில் பெண் பிள்ளைகளுக்காக கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை 1946-இல் தொடங்கினவரும் அவர்தான்.

எனக்கு அந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச ஆள் வைரப்பன். சவரத் தொழிலாளி. போலீஸ்காரங்களுக்குச் சவரம் பண்றதில்லைன்னு ஊரில் கட்டுப்பாடு. சாதாரண உடுப்பில் வந்து உக்காந்த ஒருத்தருக்குப் பாதி சவரம் பண்ணும்போது அவர் போலீஸ்னு தெரிஞ்சுது. அப்படியே கத்தியைக் கீழே வச்சுட்டார். மீதியைப் பண்ணுன்னு அதிகாரி மிரட்டியும் மசியல, ஜெயிலுக்குப் போனார். நெலமும் இல்லாம பணமும் இல்லாம, கையில் இருந்த வேலையை வச்சே ஒரு மனுஷன் வெள்ளைக்காரனை எதிர்த்தார். அவருக்கும் ஊரில் நினைவுத்தூண் இருக்கு, வந்தா பாருங்க.

வருஷா வருஷம் ஏப்ரலில் அந்த நடைப்பயணத்தை மறுபடி நடத்தி, ஸ்தூபிக்கு மாலை போட்டு, ஒரு பிடி உப்பு எடுத்து போட்டோ பிடிச்சுட்டுப் போறாங்க. நல்ல விஷயம், குறை சொல்லல. ஆனா அதைப் பார்த்துப் பார்த்து, எங்க ஊர்னாலே உப்புன்னு ஒரு நினைப்பு வெளியில் பதிஞ்சுபோச்சு. அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பக்கம் சுமார் 9,000 ஏக்கரில் உப்பளம் இருக்கு, தூத்துக்குடிக்கு அடுத்து நாங்கதான், அதெல்லாம் சரி. அந்த உப்புக்கு நடுவில் மனுஷன் எப்படிக் குடியிருந்தான்? எதைக் குடிச்சான்? எதை வச்சு மல்லிகையும் முல்லையும் மாவும் பயிர் பண்ணினான்? அந்தப் பையன் கேட்டது இதைத்தான்.

பதில் எங்க ஊர்ப் பேர்களிலேயே இருக்கு. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், செட்டிப்புலம், குரவப்புலம், தென்னம்புலம். எல்லாம் மணல் மேடுகள், கடல் போட்டுட்டுப் போன மேடுகள். ஆயிரக்கணக்கான வருஷமா கடல் கொஞ்சம் கொஞ்சமா பின்வாங்கினப்போ, ஒவ்வொரு தடவையும் ஒரு கரையை விட்டுட்டுப் போயிருக்கு. வரிசை வரிசையா இருக்கிற இந்த மேடுகளை வச்சுத்தான் பழைய கடற்கரை எங்கே இருந்ததுன்னு நிலவியல் படிச்சவங்க கணக்குப் போடுறாங்க. மேட்டில் வீடும் கொல்லையும், ரெண்டு மேட்டுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் நெல்லு. பாட்டன் பூட்டன் போட்ட திட்டம் இது.

மழைத் தண்ணி மணலில் இறங்கினா எங்கே போகும்? அடியில் உப்புத் தண்ணி இருக்கு. நல்ல தண்ணி எடை குறைச்சல், அதனால் உப்புத் தண்ணிக்கு மேலே மிதந்து நிக்கும், பாலில் ஆடை மாதிரி. மணல் எவ்வளவு உசரமோ அவ்வளவுக்கு அந்த ஆடை தடிமனா இருக்கும். நீரியல் படிச்சவங்க ஒரு கணக்கு சொல்வாங்க: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி ஓர் அடி நின்னா, கீழே சுமார் நாப்பது அடி ஆழத்துக்கு உப்பை அழுத்தி வச்சிருக்கும். கேக்க சந்தோஷமா இருக்கா? அப்படியே திருப்பிப் போடுங்க. மேலே ஓர் அடி குறைஞ்சா, கீழே இருந்து உப்பு நாப்பது அடி ஏறி வரும்.

இந்தக் கணக்கு எங்க அப்பாயிக்குத் தெரியாது. ஆனா கேணியை ஆள் உசரத்துக்கு மேல தோண்டவிட மாட்டாங்க. "ஆழம் போனா ஆத்தா கோவிச்சுக்குவா"ன்னு சொல்வாங்க. அந்தக் காலத்தில் கொல்லையில் அங்கங்கே குட்டை வெட்டி, ரெண்டு கையிலும் குடத்தைப் பிடிச்சு இறங்கி மொண்டு, புகையிலைக்கும் பூச்செடிக்கும் ஊத்துவாங்க. முதுகு ஒடியும் வேலை, அது நல்ல காலம்னு நான் சொல்ல வரல. குடத்தால் மொள்ற வேகத்துக்கு மணல் தண்ணி கொடுத்துக்கிட்டே இருந்தது, அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறுச்சு. அந்த ராத்திரியைப் பத்தி எழுத இன்னமும் கை வரல. காலையில் பார்த்தா அப்பா வச்ச மாமரம் ஒண்ணுகூட நிக்கல. தென்னை எல்லாம் தலை திருகிக் கிடந்தது. கடல் கக்கின கறுப்புச் சேறு கரையெல்லாம் அப்பியிருந்தது. வீட்டுக்குக் கரண்ட் வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நாலுவேதபதியில் 2002-இல் ஒரே நாளில் 80,244 கன்னு நட்டு கின்னஸில் பேர் வாங்கி, 2004 சுனாமியில் ஊரைக் காப்பாத்தின தோப்புன்னு ஒண்ணு உண்டு. மரமும் மணலும் கூட்டு சேர்ந்தா என்ன செய்யும்னு அதிலிருந்து கத்துக்கிட்டிருக்கணும். நான் கத்துக்கல.

கடன் இருந்தது. மரம் போச்சு, மாவுக்கு அடுத்த மகசூல் வர ஆறேழு வருஷம் ஆகும். டிராக்டரோட ஒருத்தர் வந்து, "மேடு சும்மாதானே கிடக்கு அண்ணே, மனைக்கு மணல் அடிக்கணும், லோடுக்கு இவ்வளவு தர்றேன்"னார். கொல்லையோட கீழண்டை ஓரத்தில் நாப்பது லோடு கொடுத்தேன். பணம் கைக்கு வந்த வேகத்தில் கரைஞ்சது. அடுத்த கோடையில் அந்தப் பக்கத்துக் கேணி லேசா கரிச்சது. அதுக்கடுத்த கோடையில் மல்லிச் செடி இலை ஓரம் கருக ஆரம்பிச்சது. இப்ப அந்தத் தண்ணி மாட்டுக்குக்கூட ஆகாது. அந்தப் பையன் துப்பினது அதைத்தான்.

இப்ப ஏன் இதை எழுதுறேன்னா, நம்ம பக்கத்து மேடுகளில் பாதிக்குச் சொந்தக்காரங்க சென்னையிலும் கோயமுத்தூரிலும் வெளிநாட்டிலும் இருக்காங்க. பாட்டன் சொத்து, பங்கு பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம். வருஷத்துக்கு ஒரு தடவை தை அமாவாசைக்குக் கடலில் முழுக வரும்போது வேலி இருக்கான்னு பார்த்துட்டுப் போவாங்க. மணல் கேட்டு ஆள் வந்தா, "நிலம் சமமாகுது, காசும் வருது, எடுத்துக்கட்டும்"னு போனிலேயே சொல்லிடறாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. மேடுன்னா காலி இடம்னு நெனைக்கிறாங்க. அது காலி இடம் இல்லீங்க, தண்ணித் தொட்டி. பக்கத்துக் கொல்லைக்காரன் தொட்டிக்கும் உங்க தொட்டிக்கும் நடுவில் சுவர் கிடையாது. நீங்க அள்ளினா அவன் கேணி கரிக்கும்.

"கொள்ளிடத்துத் தண்ணிதான் குழாயில் வருதே"ன்னு கேப்பாங்க. வருது. கூட்டுக் குடிநீர்த் திட்டம் இல்லேன்னா ஊரில் பல தெரு தவிச்சுப் போயிருக்கும். ஆனா குழாய்த் தண்ணியை மல்லிக்கு ஊத்த முடியுமா? பூ எடுக்கிற பொம்பளைங்க கூலி அந்தச் செடியில்தான் இருக்கு. விடியறதுக்கு முன்னாடி டார்ச் கட்டிக்கிட்டு மொட்டு பறிக்கிறவங்களுக்குக் கொல்லை கருகினா திருப்பூர் பஸ்தான்.

வீடே கட்டாதீங்கன்னு நான் சொல்லல. கட்டுங்க, ஊர்ப் பக்கம் வந்து இருங்க, எங்களுக்கும் பேச்சுத்துணை ஆச்சு. மேட்டை வெட்டாம அது மேலேயே கட்டுங்க. ஆழ்துளைக் கிணறு போடாம, மேலாக ஒரு உறை கேணி போட்டுச் சின்ன மோட்டாரில் நிதானமா எடுங்க. கூரைத் தண்ணியை மணலிலேயே விடுங்க. மணல் எடுக்க யாராவது கேட்டா மாட்டேன்னு சொல்லுங்க. வைரப்பன் சொன்னதைவிடச் சுலபமான மாட்டேன்தான் இது, ஜெயில் எல்லாம் கிடையாது.

என் நல்ல கேணிக்கு மேலண்டை இருக்கிற மேடு சித்தப்பா மகனோடது. சென்னையில் நல்ல வேலையில் இருக்கான். போன மாசம் போன் பண்ணினான். "அண்ணே, மேட்டைச் சமம் பண்ணி ஒரு சின்ன காட்டேஜ் போடலாம்னு இருக்கேன், நூத்தம்பது அடியில் போர் போட ஆள் பார்த்து வைங்க"ன்னான். நான் உடனே பதில் சொல்லல. என் கீழண்டைக் கேணியிலிருந்து ஒரு பாட்டில், மேலண்டைக் கேணியிலிருந்து ஒரு பாட்டில், ரெண்டையும் பார்சல் கட்டி அவன் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். எது எதுன்னு மேலே எழுதல, குடிச்சுப் பார்த்தே தெரிஞ்சுக்கட்டும். நேத்து கிடைச்சிருக்கணும், இன்னும் போன் வரல.