டென்ஷன் திருநாள் நல்வாழ்த்துகள்!

டிசம்பர் 24. ராத்திரி எட்டு மணி. உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா?

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது ஈடு முறுக்கு கருகிக்கொண்டிருக்கும். ஹாலில் வீட்டுக்காரர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, எரிய மறுக்கும் சீரியல் செட்டைத் திட்டிக்கொண்டிருப்பார். டெய்லர் இன்னும் ஜாக்கெட்டைக் கொடுத்திருக்க மாட்டார். அரையாண்டுப் பரீட்சை எழுதிக் களைத்த பையன், "எனக்கு இந்தச் சட்டை வேணாம்" என்று மூலையில் உட்கார்ந்திருப்பான். பாட்டி தன் பங்குக்கு, "எங்க காலத்துல அச்சுமுறுக்கு இல்லாம கிறிஸ்துமஸே கிடையாது" என்பார். யாரோ ஒருவர் கத்துவார். யாரோ ஒருவர் அழுவார்.

பதினொன்றரை மணிக்கு எல்லோரும் முகம் கழுவி, பவுடர் போட்டு, புதுத்துணி சரசரக்கக் கோயிலுக்குப் போவீர்கள். அங்கே சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும்!

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்கள் அவசரப்பட்டு அடுத்த பக்கம் புரட்ட வேண்டாம். கிறிஸ்துமஸ் என்று வருகிற இடத்தில் தீபாவளி என்றோ ரம்ஜான் என்றோ போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பலகாரத்தின் பெயர் மாறலாம். அழுகை மாறாது.

"வருஷத்துல ஒரு நாள்தானே சார், கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்பீர்கள். இந்த ஒரு வரியைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒரு நாளா? டிசம்பர் ஒன்றாம் தேதி ஸ்டார் கட்டுவதில் ஆரம்பிக்கிறது. வெள்ளையடிப்பு, ஜவுளி, கேரல் குழுவுக்கு டீ, பலகாரம், ஊரிலிருந்து வரும் நாத்தனார் குடும்பம் என்று ஒரு மாதம் முழுக்க வீடு பிரஷர் குக்கர் மாதிரி இருக்கிறது. 25-ம் தேதி மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்தால், 26-ம் தேதி காலையில் எழுந்து சொல்கிற முதல் வார்த்தை, "அப்பாடா... முடிஞ்சுது!"

எங்கே ஐயா முடிந்தது? திருச்சபையின் நாள்காட்டியைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். பீடத்தில் ஊதா நிறத் துணி. அது காத்திருக்கிற காலம். கடை கடையாக ஏறி இறங்குகிற காலம் இல்லை. கொண்டாட்டம் ஆரம்பிப்பதே 25-ம் தேதிதான். அதிலிருந்து பன்னிரண்டு நாள் கடந்து, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நீள்வது பழைய மரபு. நாம் அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டோம். காத்திருக்க வேண்டிய நாளில் ஓடுகிறோம். கொண்டாட வேண்டிய நாளில் படுத்துவிடுகிறோம்.

உங்களைப் பார்க்க வேண்டிய அத்தனை சொந்தக்காரர்களையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? பன்னிரண்டு நாள் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் லீவு. பெரியப்பா வீட்டுக்கு 27-ம் தேதி போனால் அவர் உங்களை உள்ளே விட மாட்டாரா?

அடுத்தது, பணம். நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட் பார்க்காமல் பண்டிகையைக்கூடப் பார்க்க வராது. மன்னித்துவிடுங்கள்.

கிரெடிட் கார்டைத் தேய்த்து 30,000 ரூபாய்க்குத் துணியும் பரிசும் வாங்குகிறீர்கள். மாத வட்டி மூன்றரை சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். பில் வருகிறது. "குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்" என்று அன்பாகச் சொல்கிறார்கள். 5 சதவிகிதம், அதாவது 1,500 ரூபாய் கட்டுகிறீர்கள். அதில் வட்டி 1,050 ரூபாய். வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 189 ரூபாய். கடனில் உண்மையாகக் கழிந்தது எவ்வளவு? 261 ரூபாய்! இந்த வேகத்தில் போனால், பையனுக்கு அந்தச் சட்டை சின்னதாகி, அதை அடுப்படித் துணியாக்கின பிறகும் அதற்குக் கடன் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய காலத்துப் பெண்கள் மாதா மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, டிசம்பரில் உடைத்த உண்டியல் இதைவிட ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனம்.

பரிசுக்கு வருவோம். 1993-ல் ஜோயல் வால்ட்ஃபோகெல் என்கிற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மாணவர்களிடம் அவர் கேட்டது ரொம்பச் சாதாரணக் கேள்வி. உனக்கு வந்த பரிசின் விலை என்ன இருக்கும்? நீயாக இருந்தால் அதற்கு எவ்வளவு கொடுப்பாய்? இரண்டையும் கழித்துப் பார்த்தார். பரிசுக்குச் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, வாங்கியவருக்கும் இல்லாமல் கொடுத்தவருக்கும் இல்லாமல் காற்றில் போகிறது என்று கணக்குச் சொன்னார்.

மகள் கையால் வரைந்து கொடுத்த வாழ்த்து அட்டை இந்தக் கணக்கில் வராது, வரவும் கூடாது. ஆனால், "அவங்க போன வருஷம் கொடுத்தாங்க, நாம கொடுக்காட்டி நல்லாருக்காது" என்று வாங்குகிறோமே அந்த டின்னர் செட்... அது கச்சிதமாக இந்தக் கணக்கில் வரும். உங்கள் பீரோ மேல் பிரிக்காமல் இருக்கிற டப்பாக்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த வருஷம் அவை எந்த வீட்டுக்குப் போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பண்டிகை டென்ஷன் என்பது குடும்பத்துக்கு வருகிற வியாதி என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். பொய். அது வீட்டில் ஒரே ஒருவருக்கு வருகிறது. மற்றவர்களுக்கு அவரிடமிருந்து தொற்றுகிறது.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 'பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே' என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்த 97 நிமிடம், வேலை செய்த ஆண்களின் சராசரி. ஒரு நாளில் வீட்டு வேலையைத் தொட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்! இது பண்டிகைக்கென்று எடுத்த கணக்குகூட இல்லை, சாதாரண நாள் கணக்கு. பண்டிகை நாளுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

லூக்கா நற்செய்தியில் மார்த்தா, மரியா என்று இரண்டு சகோதரிகள் வருவார்கள். இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார். மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். மார்த்தா பந்தி பரிமாறும் கவலையில் அங்குமிங்கும் ஓடுகிறாள். இத்தனை கவலை எதற்கு என்று இயேசு அவளிடம் கேட்கிறார். இதை வைத்து மார்த்தாவைக் கண்டிக்கும் பிரசங்கம் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "சாப்பாடு ரெடியா?" என்று கேட்கிற ஆண்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்த்தா உட்கார வேண்டுமென்றால் யாராவது எழுந்திருக்க வேண்டாமா சார்?

அடுத்தவர் வீட்டைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் அம்மா இறந்த பிறகு, பழைய கிறிஸ்துமஸ் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். அப்பா இருக்கிறார். நாங்கள் புதுச் சட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். மாமா, சித்தி, பக்கத்து வீட்டுப் பையன்கூட இருக்கிறான். அம்மா ஒன்றில்கூட இல்லை. அடுப்படியில் இருந்திருக்கிறார். "இதோ வந்துட்டேன், நீங்க எடுத்துக்குங்க" என்ற குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பண்டிகை அன்று அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததாக நினைவில்லை. அவர் செய்த முந்திரிக்கொத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து, அந்த ருசிக்குப் பதிலாக ஒரே ஒரு போட்டோ இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்யலாம்?

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அன்றே குடும்பத்தோடு உட்காருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் இந்த வருஷம் கையில் இருக்கிற பணத்தை எழுதுங்கள். வரப்போகிற போனஸை எழுதாதீர்கள். கையில் இருப்பதை மட்டும். அதற்குள் அடங்குவதுதான் பண்டிகை. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். "அப்பாகிட்ட இவ்வளவுதான் இருக்கு" என்று சொல்வது அவமானம் இல்லை. தெரியாமல் கேட்டு, அடி வாங்கி அழுவதைவிடத் தெரிந்து விட்டுக்கொடுப்பது பிள்ளைகளுக்கு மரியாதை.

பலகாரம் இரண்டு போதும். ஒன்றை எல்லோரும் சேர்ந்து சுடுங்கள். இன்னொன்றைக் கடையில் வாங்குங்கள். கேக்கைக் கடையில் வாங்கினால் பரிசுத்த ஆவி கோபித்துக்கொள்ளாது. அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொடுப்பது அருமையான வழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால், தட்டில் ஏழு வகை இருந்தாக வேண்டும் என்பது அன்பு அல்ல, போட்டி.

24-ம் தேதி பகல் இரண்டு மணிக்கு அடுப்படியைப் பூட்டுங்கள். முடிந்தது முடிந்தது, முடியாதது அடுத்த வருஷம். நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவர்களும் சரி, சி.எஸ்.ஐ.காரர்கள் மாதிரி விடியற்காலை ஆராதனைக்குப் போகிறவர்களும் சரி, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். கோயிலில் கடைசி பெஞ்சில் தலை சாய்ந்து தூங்குகிற பெண்களைப் பார்த்திருப்பீர்களே... அது பக்தி குறைவு இல்லை. முறுக்கு மாவு.

"ஊர் என்ன சொல்லும்?" என்கிறீர்களா? ஊரும் உங்களைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருக்கிறது. நீங்கள் குறைத்தால், பக்கத்து வீட்டுக்காரம்மா மனசுக்குள் உங்களுக்கு நன்றி சொல்வார்.

குடில் வழக்கத்தைப் பரப்பியவர் என்று போற்றப்படுகிறவர் அசிசி பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற சின்ன ஊரில் அவர் வைத்த குடிலில் இருந்தது வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. மொத்த பட்ஜெட் அவ்வளவுதான். எண்ணூறு வருஷமாகியும் உலகம் அதை மறக்கவில்லை.

இந்த 25-ம் தேதி மத்தியானம் ஒரு வேலை செய்யுங்கள். இலையைப் போட்டு, வீட்டு அம்மாவை முதலில் உட்கார வைத்து, நீங்கள் பரிமாறுங்கள். சாம்பாரா குழம்பா என்று தெரியாமல் ஊற்றினாலும் பரவாயில்லை. மறக்காமல் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.