டீச்சர் வராத நாள்

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போனபோது, சில வாரங்கள் அவர் இடத்தில் நின்றேன். எடுத்துப்போன பாடக்குறிப்பு முதல் நாள் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. “எங்க டீச்சர் எப்ப வருவாங்க?” என்று ஒரு சிறுமி கேட்டுக்கொண்டே இருந்தாள். என்ன பதில் சொல்லியும் அடங்கவில்லை. “காலையில உங்க டீச்சர் முதல்ல என்ன செய்வாங்க?” என்று நான் கேட்டதும் முகம் மலர்ந்தது. சாக்பீஸ் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தாள், பாட்டைத் தொடங்கினாள், வகுப்பே சேர்ந்துகொண்டது. சின்னப் பிள்ளைகளுக்குப் பழகிய வரிசை கலையாமல் இருந்தால் போதும், புது முகத்தையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அந்தப் புது முகமாவது வர வேண்டுமே! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் விடுப்பெடுத்தால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அன்றைக்குத் தடுமாறத்தான் செய்யும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் பயிற்சி பெற்ற மாற்று ஆசிரியர்கள் சிலர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் என்பது மிகப் பெரிய காலம்.