முடிக்காத ஸ்வெட்டரும் முடிக்காத தையலும்

அன்புள்ள பழைய மாணவிகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

நேற்று நான் போட்ட ஒயர் கூடைப் படத்துக்குக் கீழே ஒரு மாணவி கேட்டிருந்தாள்: "டீச்சர், பேரனுக்குப் பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர் என்ன ஆச்சு? நாங்கள் முடிக்காவிட்டால் மட்டும் பெஞ்சு மேல் ஏற்றினீர்களே!" நிறையப் பேர் சிரித்திருக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் பதிலையும் கேளுங்கள்.

ஆமாம், ஸ்வெட்டர் பாதியில் கிடக்கிறது. அதற்கு அப்புறம் குரோஷா விரிப்பு ஒன்று, ஆரி ஒர்க் பிளவுஸ் ஒன்று, சிவன் கண் கூடை இரண்டு என்று கை வைத்துவிட்டேன். உடனே உபதேசம்: "ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடக் கூடாதா?" இன்னொரு உபதேசம்: "சும்மா போடுவதை விற்றால் காசாகுமே!"

இரண்டும் பட்டறைப் பேச்சு. நம் ஊர்ப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பெண்கள் ஒட்டிய தீப்பெட்டிக்குக் குரோஸ் கணக்கு. குரோஸ் என்றால் 144. ஒட்டிய பெட்டிக்குத்தான் கூலி, பாதி ஒட்டியதற்கு ஒன்றும் கிடையாது. அந்த வீட்டில் 'முடி' என்பது ஒழுக்கம் இல்லை, அரிசி.

அந்தக் கணக்கை நான் வகுப்புக்குள்ளும் கொண்டுவந்தேன். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், பட்டன் துளை என்று ஒரே துணியில் வரிசையாக முடித்துத் தர வேண்டும். சிலர் சங்கிலித் தையலோடு நின்றுவிடுவீர்கள். விரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. மார்க்கைக் குறைத்தேன், பெஞ்சு மேல் ஏற்றினேன். 1986 சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் 14 வயதுக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாது என்றது. ஆனால் குடும்பத்தாரை வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கும் கொடுத்தது. ராத்திரி வீட்டில் என்ன நடக்கிறது என்று சட்டமும் கேட்கவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. முந்தின ராத்திரி குரோஸ் குரோஸாக முடித்துவிட்டு வந்த பிள்ளையைத்தான் 'எதையும் முடிக்காதவள்' என்று திட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு அம்மா.

அதனால்தான் சொல்கிறேன். ஆயுசெல்லாம் எண்ணிக்கை கொடுத்தே ஓய்ந்த கைகளுக்கு, எண்ணாமல் செய்ய ஒரு வேலை வேண்டும். இன்றைக்குக் கூடை, நாளைக்குக் குரோஷா. பிடித்தால் போடலாம், பிடிக்காவிட்டால் விடலாம். அதற்குக் கணக்குக் கேட்கவும் விலை போடவும் யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் மகள் ஒரு பூவைப் பாதி தைத்து வைத்திருந்தால், "ஏன் முடிக்கவில்லை?" என்று அதட்டாதீர்கள். கை வலிக்கிறதா, அலுத்துவிட்டதா, வேறு வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

ஆனால் என் ஸ்வெட்டருக்கு இந்த நியாயம் பொருந்தாது. அது பேரனுக்குக் கொடுத்த வாக்கு. ஒரு கை நீளமாகிவிட்டது, அக்குள் வரை பிரிக்க வேண்டும். ஆரியில் ஊசி குத்திய ஓட்டை துணியில் நின்றுவிடும். கம்பளி அப்படி இல்லை, பிரித்தாலும் நூல் மிஞ்சும். தெரிந்தும் பயந்துகொண்டு கூடைக்குப் பின்னால் ஒளிந்தேன். இதற்குப் பெயர் உரிமை இல்லை, சாக்கு.

இன்று காலை பிரித்துவிட்டேன். பேரன் வளர்ந்துவிட்டான், மறுபடி அளவெடுக்க வேண்டும். எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கூடைக்குப் பிடி பச்சையா, மஞ்சளா? அதைச் சொல்லுங்கள்.

உங்கள் டீச்சர்