கை நடுங்கினாலும் படம் நடுங்கக் கூடாது



1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் பல, பின்னர் அங்கும் போரில் சிக்கின. அப்படிப் போய், மடுல்சீமையில் உள்ள உறவினரிடம் திரும்பி வந்த அக்கா ஒருவர், தன் கைத்தொலைபேசியில் எடுத்த பறவைப் படங்களை என்னிடம் காட்டினார். இருபதுக்கு மேல் இருக்கும். ஒன்றிலும் பறவை தெளிவில்லை. செல்துண்டு பட்ட அவரது வலது கை இன்னும் நடுங்குகிறது. "எனக்கு இது சரிவராது பிள்ளை" என்றார். சரிவரும் என்பதால்தான் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

இது பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கலாம். இடம்பெயர்ந்த முகாம்களில் எத்தனையோ பேர் நம்மைப் படம் பிடித்துப் போனார்கள். அவற்றில் ஒரு பிரதிகூட நம் கைக்கு வரவில்லை. கமரா நம் கையில் இருப்பது வேறு விடயம்.

படம் கலங்குவதற்கு முதற் காரணம் அசைவு. கை அசையலாம், பறவையும் அசையலாம். கை அசைவுக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. பழைய சேலைத் துணியில் ஒரு சாண் அளவு பை தைத்து, அரிசியோ கௌப்பியோ முக்கால்வாசி நிரப்பிக் கட்டுங்கள். அதை மதிலிலோ கல்லிலோ வைத்து, அதன்மேல் தொலைபேசியை அழுத்தி வையுங்கள். ஒரு கை மட்டும் உள்ளவர்களுக்கும் இது உதவும். திரையைத் தொடும்போது வரும் ஆட்டத்தைத் தவிர்க்க, இரண்டு செக்கன் தாமதித்து எடுக்கும் வசதியைப் போடலாம். பல தொலைபேசிகளில் செவியில் மாட்டும் வயரின் சத்தப் பொத்தானை அழுத்தினாலும் படம் விழும்.

பறவையின் அசைவுக்கு வேகம் வேண்டும். கமரா வைத்திருப்போர் 300 மில்லிமீற்றர் வில்லையென்றால் செக்கனில் 300இல் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் வைக்க வேண்டும். பறக்கும் பறவைக்கு 1000இல் ஒரு பங்காவது தேவை. மூட்டமான நாளில் ஐஎஸ்ஓ அளவை ஏற்றத் தயங்காதீர்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. குவியம் எப்போதும் கண்ணில் இருக்கட்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தொலைபேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் வெறும் ஏமாற்று. படத்தை இழுத்து நீட்டுகிறதே தவிர, விபரம் கூடாது. வில்லையில் எண்ணெய் விரல் பட்டிருந்தாலும் எல்லாம் புகை மூடியது போலத்தான் வரும். அதை முதலில் துடையுங்கள்.

இனி வெளிச்சம். மடுல்சீமையில் இதுதான் பெரிய தொல்லை. காலையில் பனிமூட்டம் வெள்ளையாய்ப் பரந்து நிற்கும். கமராவுக்குப் பறவை எது, பனி எது என்று தெரியாது. முழுக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். அதனால் பனிக்கு முன் நிற்கும் காகம் வெறும் கரிக்கட்டியாகிவிடும். பறவையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கரும்பச்சைத் தேயிலைக்கு நடுவே நிற்கும் கொக்குக்கு இதற்கு எதிர்மாறாகக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் இறகெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிடும். சிறிது இருண்ட படத்தைப் பின்னர் வெளிச்சமாக்கலாம், வெளுத்துப்போன இடத்தில் எதுவும் மிஞ்சாது.

விலை கூடிய கருவி இல்லையே என்று எண்ண வேண்டாம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒட்டவைத்த கமராவில் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படம் பிடித்தவர். பெண்களுக்கு இது ஆகாது என்பாருக்கு, தேனிப் பக்கத்தைச் சேர்ந்த ராதிகா ராமசாமியைக் காட்டுங்கள். 2004இல் பரத்பூர் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்கி, இந்தியாவின் முதல் பெண் வனவிலங்குப் புகைப்படக்காரர் என அறியப்படுபவர் அவர்.

இரண்டு எச்சரிக்கை. கூட்டுக்கு அருகில் போகாதீர்கள். தாய்ப்பறவை பயந்து பறந்தால் முட்டை குளிர்ந்துவிடும். வடக்கில் உள்ள சகோதரிகள் இராணுவ முகாம் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அந்த அக்கா இப்போது லயத்து வாசற்படியில் கௌப்பிப் பை வைத்து எடுக்கிறார். மைனா ஒன்றின் மஞ்சள் கண்வளையம் தெளிவாக விழுந்திருக்கிறது. அதைக் கடையில் கொடுத்துக் கடதாசியில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். இடப்பெயர்வில் அல்பம் தொலைத்தவர் அவர். தொலைபேசியை மட்டும் நம்பி வைக்க விருப்பமில்லை என்கிறார்.